பாய்க்கு எதற்குத் தண்ணீர்

இந்தக் காலத்தில் எவனும் எதையும் தொட்டுப் பார்த்து வாங்குவதில்லை. படத்தைக் காட்டினால் போதும், தலையாட்டிவிடுகிறான். செருப்பைக் காலில் போட்டுப் பார்க்காமல் வாங்குகிறான். கடித்தால் காலைக் குறை சொல்கிறான். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்காமல் வாங்குகிறான். ஆடினால் தரையைக் குறை சொல்கிறான். பக்கத்தில் நிற்கிற வயசானவன், "ஒரு தடவ தொட்டுத்தான் பாரேன்" என்று சொன்னால், "உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறான். அந்தப் பதிலை மட்டும் எந்தக் கடையில் வாங்குகிறார்களோ, எல்லோரிடமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிறது.

மண்வெட்டியாருக்கு அன்று விடியக்காலை வேலையை முடித்து வீட்டுக்கு வந்ததுமே இந்த எரிச்சல் தலைக்கேறிவிட்டது. குளியலறையில் கால் வைத்தார். பாதத்தில் ஏதோ உருண்டு ஒட்டியது. குனிந்து விரலில் எடுத்துப் பார்த்தார். கறுப்புத் துகள். கடுகளவு இருக்கும். நசுக்கினால் நசுங்காது. முகர்ந்தால் டயர் நாற்றம்.

"இது வீடா, டயர்க் கடையா?" என்று சத்தம் போட்டார்.

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "கூட்டுறவ நான். குனிஞ்சு குனிஞ்சு எனக்குத்தான் இடுப்பு வலி. உங்களுக்கு எங்க வலிக்குது?"

"கண்ணு வலிக்குது."

"அப்ப மூடிக்கிட்டுக் குளிங்க."

தொடர்ந்து வருகிறவர்களுக்கு இந்த வீட்டுச் சண்டை தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை.

மண்வெட்டியார் கால்பந்துக் கழகத்தின் மைதானக்காரர். புல் வெட்டுவது, உருளை இழுப்பது, குழி அடைப்பது, கோடு போடுவது எல்லாம் அவர்தான். மண்வெட்டி என்பது ஆட்டக்காரர்கள் வைத்த பேர். கையில் இருந்ததைப் பார்த்து வைத்தார்களா, வாயிலிருந்து வந்ததைக் கேட்டு வைத்தார்களா என்பது இன்றுவரை தீராத வழக்கு. அதே கழகத்துக்கு மகன் செயலாளர். மகள் அங்கேயே பெண்கள் அணியில் பின்வரிசைக்காரி. எதிராளி கொண்டுவரும் பந்தைக் காலை நீட்டிச் சறுக்கி வெட்டிவிடுவாள். அதனால் அவளுக்குக் கத்திரி என்று பேர்.

போன மழையில் கோல் கம்பத்துக்கு முன்னால் ஒரு குழியில் கத்திரியின் கால் மாட்டி, முட்டி திருகிக்கொண்டது. ஆபரேஷன். ஒரு பருவம் முழுக்க அவள் மைதானத்துப் பக்கமே வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "குழிய அடைச்சாச்சுன்னு சொன்னீங்களேப்பா" என்று அவள் கேட்டாள். அடைத்தது நிஜம். மண் கொட்டி, புல் பத்தையை மேலே வைத்து மிதித்ததும் நிஜம். வேர் பிடிக்கிறவரை யாரும் ஏறாதீர்கள் என்று சொன்னதும் நிஜம். எவன் கேட்டான்? ஆனால் இதில் ஒன்றையும் மண்வெட்டியார் அன்று சொல்லவில்லை. அவர் வாயில் வந்தது வேறு.

"ஆடத் தெரியாதவளுக்குத் தரை கோணல்."

அந்த ஒரு வார்த்தையில் எழுந்தவன்தான் மகன். கமிட்டியைக் கூட்டினான், கையைத் தூக்க வைத்தான், மைதானத்துப் புல்லை மொத்தமாகச் சுரண்டி எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் புல்லைக் கொண்டுவந்து விரித்தான். இடையிடையே டயரை அரைத்த துகளைத் தூவி நிரப்பினார்கள். மண்வெட்டியார் அதைப் புல் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பாய் என்றுதான் சொல்வார். கமிட்டி முன்னால் அதையே சொன்னார். அப்போது மகன் எல்லார் எதிரிலும் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அப்பா, கவலப்படாதீங்க, உங்க வேல போகாது. தினம் பிளாஸ்டிக்குக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிம்மதியா உக்காந்திருங்க."

கமிட்டி மொத்தமும் சிரித்தது. அன்றோடு அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றது.

ஒரே வீடு, ஒரே மேசை. "அந்தச் செம்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார் அப்பா. "தள்ளியாச்சுன்னு சொல்லும்மா" என்பான் மகன். நடுவில் உட்கார்ந்திருக்கிறவள் செம்பை எடுத்து மடக்கென்று தானே குடித்துவிடுவாள்.

குளித்துவிட்டு வந்தவருக்கு மனைவி தட்டை வைத்தாள். வைத்தபடியே சொன்னாள்.

"உங்க பையன் ஒரு சேதி சொல்லிட்டுப் போனான்."

"எந்தப் பையன்?"

"எனக்கு ஒண்ணுதான் இருக்கு. உங்களுக்கு எத்தனைன்னு எனக்குத் தெரியாது."

மண்வெட்டியார் ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டார்.

"மத்தியானம் ஆட்டத்துக்கு முன்னால குழாயத் தொறந்து மைதானம் பூராவும் நல்லாத் தண்ணி விடணுமாம்."

கை பாதியில் நின்றது. "எதுக்கு?"

"அதான் சொன்னேனே, ஆட்டத்துக்கு."

"எதுக்குத் தண்ணின்னு கேக்குறேன். அங்க ஏது புல்லு?"

"அந்தப் பாய்க்குத்தானாம்."

"ஏனாம்?"

"நான் கேக்கல. அவன் போனக் காதுல இடுக்கிக்கிட்டுச் செருப்பு மாட்டிக்கிட்டே ஓடினான். யாரோ தேர்வாளருங்க வர்றாங்களாம், கூட்டிட்டு வரணுமாம்."

மண்வெட்டியார் சிரித்தார். சிரிப்பா அது? தொண்டையில் முள் மாட்டின நாய் இருமுவது போல இருந்தது.

"கமிட்டியில கிண்டல் பண்ணது பத்தல. இப்ப வீட்டுக்கே ஆள் வச்சு அனுப்புறான். அதுவும் உன்னை வச்சு. அப்பன் காதுல எத்தன முழம் பூ சுத்தலாம்னு பாக்குறான்."

"நிஜமாத்தான் சொன்ன மாதிரி இருந்துச்சுங்க."

"உச்சி வெயில்ல பச்சப் புல்லுக்கே தண்ணி காட்டக் கூடாது. கருகிப் போவும். இவன் பாய்க்குக் காட்டச் சொல்றான். நாளைக்குக் கோல் கம்பத்துக்கு எரு போடச் சொல்லுவான். போடவா?"

"என்னமோ பண்ணுங்க" என்றாள் மனைவி. "நான் தபால். படிக்கிறது என் வேலை இல்ல."

மைதானத்தைச் சுற்றி மூலைக்கு மூலை தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள் நிற்கிறதே, அது எதற்கு என்று அவர் யோசிக்காமல் இல்லை. நட்ட அன்றைக்கே, பாய் விரித்த கம்பெனி ஆளிடம் கேட்டார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள். கண்ணாடியைக் கழற்றாமலே, "அதெல்லாம் சிஸ்டம் பெரியவரே, உங்களுக்குப் புரியாது" என்றான். மண்வெட்டியார் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தார்: பறவை எச்சத்தைக் கழுவ. பம்பு அறைச் சாவி மட்டும் பழைய வழக்கப்படி அவர் இடுப்பிலேயே தொங்கியது. இதுவரை திறக்க வேண்டி வரவில்லை. பாய் விரித்ததிலிருந்து எல்லா ஆட்டமும் வெயில் தாழ்ந்த பிறகுதான் நடந்தது. வெளியூர்த் தேர்வாளர்கள் மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால், நல்ல வெயிலில் ஆட்டம் வைத்தது இன்றைக்குத்தான் முதல் தடவை.

வெயில் ஏறி அவர் மைதானத்துக்குத் திரும்பப் போனபோது ஒரு காக்காய் இல்லை. உடை மாற்றும் அறைக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். அதில் மட்டும் பழைய புல் இருக்கிறது. சுரண்டுகிற எந்திரம் திரும்ப இடம் இல்லாமல் விட்டுப் போனது. விடியக்காலையிலேயே அதற்குத் தண்ணீர் விட்டு, ஓரம் வெட்டி வைத்திருந்தார்.

பாய் ஓரமாகக் குனிந்து உள்ளங்கையை வைத்தார்.

வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார். தோசைக்கல். கறுப்புத் துகளெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு அனலாகக் கக்கிக்கொண்டிருந்தது. டயர் நாற்றம் மூக்கில் ஏறியது.

யாரையாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மகனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. பேச்சே இல்லாத ஆளிடம் என்னவென்று சொல்வது? இன்னொரு நினைப்பும் உள்ளே இருந்தது, ஒளிப்பானேன். பெரிய மனுஷர்கள் வருகிறார்கள். இந்தப் பாயின் யோக்கியதையை அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போகட்டும். நாம் வாயைத் திறந்தால்தானே புரியாதவன்.

கத்திரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். முட்டியில் பட்டை. உடை மாற்றும் அறையிலிருந்து பாய்க்கு வர நேர் வழி அந்தப் புல் துண்டு. அவள் அதை மிதிக்காமல் சிமெண்டு ஓரமாகவே சுற்றிக்கொண்டு வந்தாள். எப்போதும் அப்படித்தான் வருகிறாள். தன்னைக் குத்திக்காட்டத்தான் வீம்புக்கு அப்படிச் செய்கிறாள் என்று மண்வெட்டியாருக்கு வயிறு எரியும்.

"அப்பா. இன்னைக்கு ஒரு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. எனக்குக் கை நடுங்குது."

"கையிலயா ஆடப் போற?"

அவள் சிரிக்கவில்லை. "இந்த வருஷம் மாநில அணிக்கு எடுக்கலன்னா இனி என்னைக் கூப்பிட மாட்டாங்கப்பா. முட்டி போனவளுக்கு ரெண்டாவது தடவ யாரும் போன் பண்ண மாட்டாங்க. இன்னைக்கு முழு ஆட்டமும் நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

மண்வெட்டியார் பாயைக் காட்டினார். "பாய் கொதிக்குது. கால வைக்க முடியல. ஆடாத. சாயங்காலம் வச்சுக்கச் சொல்லு."

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

"கைய வச்சுப் பாரு."

"நேத்து நாறுதுன்னீங்க. முந்தாநாள் வழுக்குதுன்னீங்க. அதுக்கு முந்தி, புத்து நோய் வரும்னு பால்காரர் வரைக்கும் சொல்லி வச்சீங்க. இன்னைக்குக் கொதிக்குதா?" அவள் காலணிக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். "ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லா ஆடுன்னு சொல்லலாம்ல."

சொல்லியிருக்கலாம். அவள் போய்விட்டாள்.

செயலாளர் தேர்வாளர்களோடு வந்து இறங்கினபோது ஆட்டம் தொடங்கும் நேரமாகிவிட்டது. வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு அம்மா, கூட ஒரு ஆள். செயலாளர் பாயை ஒரு பார்வை பார்த்தான். காய்ந்துதான் கிடந்தது. விட்ட தண்ணீர் இந்த வெயிலுக்குக் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நாற்காலி போடப் போய்விட்டான். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்பதற்குப் பேச்சு வேண்டுமே. தபால் கொண்டுபோகிற அவன் அம்மா குடையும் கையுமாக அப்போதுதான் வாசலில் நுழைந்துகொண்டிருந்தாள்.

விசில் ஊதினார்கள்.

மண்வெட்டியார் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்க்கக் கூடாது என்று நினைத்தார், கண் கேட்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, பந்து கோடு போட்ட மாதிரி ஓடியது. குதிக்கவில்லை, திரும்பவில்லை. அவருடைய புல்லில் இந்தப் பந்து வழியில் ரெண்டு இடத்தில் நின்று யோசித்துவிட்டுத்தான் போகும். கத்திரி கோலுக்கு முன்னால், அதே பழைய குழி இருந்த இடத்தில், காலை ஊன்றிச் சட்டென்று திரும்பினாள். முட்டி நின்றது. வெள்ளைத் தொப்பி அம்மா பக்கத்து ஆளிடம் ஏதோ சொன்னாள். மண்வெட்டியாருக்கு அந்த நேரத்தில் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். பிழைத்ததும் பிழைத்தாள், பாயின் மேலா பிழைக்க வேண்டும்?

கொஞ்ச நேரத்தில் பெண்கள் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நிற்க ஆரம்பித்தார்கள். அடி சுட்ட கோழி மாதிரி. பந்து வெளியே போகும்போதெல்லாம் ஓரத்துக்கு ஓடிவந்து காலணி மேலே பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். கோல்காரி குதித்துக்கொண்டே இருந்தாள்.

பாதி ஆட்டம் முடியப் போகிற நேரம். எதிரணிப் பெண் ஒருத்தி எல்லோரையும் தாண்டிவிட்டாள். அவளுக்கும் கோலுக்கும் நடுவில் கத்திரி மட்டும். பாய் மேல் சறுக்கக் கூடாது என்று பயிற்சியாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உடம்புக்குப் பாடம் தெரியுமா? பழக்கம்தான் தெரியும். இடது தொடையைத் தரையில் போட்டு, வலது காலை நீட்டி, கத்திரி சறுக்கினாள். பந்து சுத்தமாக வெட்டுப்பட்டு வெளியே போனது.

கூட்டம் கைதட்டியது. அவள் எழுந்திருக்கவில்லை.

எழுந்தபோது, இடுப்புக்குக் கீழேயிருந்து முட்டிக்கு மேல்வரை தொடையில் தோல் இல்லை. சிவந்து, ஈரமாக, அதில் கறுப்புத் துகள் அப்பிக்கொண்டு இருந்தது.

விசில். இடைவேளை.

மண்வெட்டியார் வேலியைத் தாண்டி எப்படி உள்ளே வந்தார் என்று அவருக்கே தெரியாது. பெஞ்சில் பெண்களெல்லாம் காலணியைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். பாதமெல்லாம் வெந்த மாதிரி சிவப்பு. ஒருத்திக்குக் கொப்புளமே கிளம்பியிருந்தது. பயிற்சியாளர் குனிந்து கத்திரியின் தொடையிலிருந்து துகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தாள்.

ஆட்டம் பார்க்க வந்திருந்த கம்பெனிக் கறுப்புக் கண்ணாடிக்காரன் பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றினான்.

"சார், தண்ணி விடலையா?"

"விடச் சொன்னேனே" என்றான் செயலாளர். சொல்லிவிட்டுத் திரும்பினான். எல்லோரும் திரும்பினார்கள்.

"யார்ட்ட சொன்ன?" என்றார் மண்வெட்டியார்.

கமிட்டிக்குப் பிறகு அப்பா மகனிடம் நேராகப் பேசின முதல் வார்த்தை அது.

"அம்மாட்ட சொல்லி அனுப்பினேன்ல."

"நான் சொன்னேன்" என்றாள் அம்மா குடையை மடக்கியபடி. "சொன்னேன், சிரிச்சாரு."

"சிரிக்காம? பிளாஸ்டிக்குக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு உக்காருன்னு ஊரக் கூட்டிச் சொன்னவன் நீ. அதையே திரும்பச் சொல்லி அனுப்பினா நான் என்னன்னு எடுத்துக்கறது? கிண்டல்னுதான் எடுத்துப்பேன்."

"அது கிண்டல். இது நிஜம்."

"ரெண்டும் ஒரே வார்த்தைடா. எது எந்த வேலைக்குன்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்கா?"

"வெயில்ல சூடாகும், தண்ணி விட்டாத்தான் ஆடலாம்னு கம்பெனியில படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கப்பா."

"யார்ட்ட சொன்னாங்க? உன்கிட்ட. பம்பு சாவி யார்ட்ட இருக்கு? என்கிட்ட. நான் கேட்டேன், இந்தாளக் கேட்டேன், இந்தக் குழாய் எதுக்குன்னு. புரியாதுன்னான். இப்ப என் பொண்ணு தொட புரியுதா உனக்கு?" கறுப்புக் கண்ணாடிக்காரன் ஒரு அடி பின்னால் போனான்.

"சூடா இருந்தது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" என்றான் மகன். "கைய வச்சுப் பாத்திருப்பீங்க. பாக்காம இருக்க மாட்டீங்க. தெரிஞ்சும் பேசாம நின்னீங்களா?"

மண்வெட்டியாரின் கோபம் வேறு வழி தேடிப் பாய்ந்தது.

"தண்ணி மிச்சம், தண்ணி மிச்சம்னு கமிட்டியில சொல்லித்தானடா புல்லப் புடுங்குன? புல்லு மாதிரியே இதுவும் தண்ணி கேக்குதுன்னா, அந்தப் புல்லு என்னடா பாவம் பண்ணுச்சு?"

"குழி பண்ணுச்சு" என்றாள் கத்திரி.

அவள் எழுந்து நின்றாள். தொடையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். அதில் ஏற்கெனவே சிவப்பு ஊறியிருந்தது.

"நான் உக்காந்திருக்கும்போதே என் கால வச்சு ரெண்டு பேரும் வழக்குப் பேசுறீங்க. உங்க புல்லு என் முட்டிய வாங்குச்சு. இவன் பாய் என் தோல வாங்கியிருக்கு. தோல் வளரும்ப்பா. சாவியக் குடுங்க."

"ஆடாத" என்றார் மண்வெட்டியார். "சொன்னா கேளு. உக்காரு."

"முழு ஆட்டமும் நிக்கணும்னு காலையிலேருந்து சொல்லிட்டிருக்கேன். சாவி."

கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மகனும் நீட்டினான். மண்வெட்டியார் ரெண்டு கையையும் பார்த்தார். இடுப்புக் கயிற்றை அவிழ்க்கவில்லை. திரும்பி நடந்து, தாமே பம்பு அறையைத் திறந்து, விசையைத் தட்டினார்.

நாலு மூலையிலிருந்தும் தண்ணீர் சீறிக்கொண்டு எழுந்து பாயின் மேல் விழுந்தது. விழுந்த இடமெல்லாம் ஆவி. காய்ந்த சட்டியில் தண்ணீர் ஊற்றினது போல. மண்வெட்டியார் வாசலில் நின்று அதைப் பார்த்தார். உச்சி வெயில், ஓடுகிற தண்ணீர், வேர் இல்லாத தரை. தூ என்று துப்பினார்.

இரண்டாம் பாதியில் யாரும் கால் மாற்றி நிற்கவில்லை. அது வேலை செய்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், மண்வெட்டியார் ஒப்புக்கொள்ளவில்லை. கத்திரி ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடினாள். ஆனால் நின்றாள். கடைசி விசில்வரை நின்றாள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது.

வெள்ளைத் தொப்பி அம்மா நேராக அவளிடம் வந்தாள். குடும்பம் மொத்தமும் பம்பு அறைப் பக்கம், அந்தப் புல் துண்டின் ஓரத்தில் நின்றிருந்தது.

"முட்டி நல்லா இருக்கும்மா. மனசும் நல்லா இருக்கு. முகாமுக்கு வந்துடு." செயலாளர் கையைக் கூப்பப் போனான். அந்த அம்மா முடிக்கவில்லை. "ஒண்ணு சொல்லிடுறேன். அங்க தரை எல்லாம் பச்சப் புல்லு. மழையிலயும் ஆடணும். உனக்குப் பழக்கம்தானே?"

கத்திரியின் கண் அந்தப் புல் துண்டுக்குப் போய்விட்டு வந்தது.

"நாளைக்குச் சொல்லட்டுமா மேடம்?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" தொப்பி அம்மாவுக்கு ஆச்சரியம். "சரி. நாளைக்குக் காலையில போன் பண்ணு. அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது."

அவர்கள் போனதும் செயலாளர் தங்கையைப் பிடித்துக்கொண்டான். "உனக்கென்ன பைத்தியமா? இதுக்குத்தானே இத்தனையும்?"

"கால வைக்க முடியலடா" என்றாள் அவள் மெதுவாக. "புல்லப் பாத்தா அடியில குழி இருக்குன்னே தோணுது. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து நான் புல்ல மிதிச்சதே இல்ல. நீ பாய் போட்டியேன்னுதான் திரும்ப ஆட வந்தேன்."

மண்வெட்டியார் சிமெண்டு ஓரத்தைப் பார்த்தார். வீம்பு என்று நினைத்திருந்தார். இத்தனை நாளும் வயிறெரிந்தார். அந்தச் சனியன் பிடித்த குழி இன்னும் அடைபடவில்லை. மைதானத்திலிருந்து கிளம்பி இவள் தலைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

"அப்பா" என்றான் மகன். இந்தத் தடவை தபால் இல்லாமலே. "நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நடப்பா. இது நீங்க பாத்துக்கிற இடம்தானே?"

"எனக்குத்தான் இதெல்லாம் புரியாதே."

"ஏங்க" என்றாள் மனைவி. அந்த ஒரு சொல்லில் எச்சரிக்கை இருந்தது.

கத்திரி அப்பாவை நேராகப் பார்த்தாள். "இதுல குழி இல்லன்னு சொல்லுங்கப்பா. சொன்னீங்கன்னா கால வைக்கிறேன்."

விடியக்காலையில்தான் ஓரம் வெட்டினார். குனிந்து ஒவ்வொரு சாணாகப் பார்த்தார். குழி இல்லை. சொல்ல வேண்டியது ரெண்டே வார்த்தை. ஆனால் போன மழையிலும் அவள் கேட்டாள், அவரும் ரெண்டே வார்த்தைதான் சொன்னார்: குழிய அடைச்சாச்சு. அதை நம்பித்தான் ஓடினாள்.

"சொல்ல மாட்டேன்" என்றார் மண்வெட்டியார்.

"அப்பா."

"தரைக்கு நான் ஜாமீன் நிக்க மாட்டேன். புல்லுக்கும் மாட்டேன், அவன் பாய்க்கும் மாட்டேன். நான் சொன்னேன்னு நீ வைக்காத, கம்பெனிக்காரன் சொன்னான்னு அவன் வைக்க வேணாம். எவன் சொல்றதையும் நம்பிக் கால வைக்காத. தொட்டுப் பாத்து வை."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். உதறினார், கறுப்புத் துகள் பொலபொலவென்று சிமெண்டில் கொட்டியது. வெறுங்காலோடு அந்தப் புல் துண்டில் இறங்கினார். வெளி வாசலுக்குப் போக அது வழியே இல்லை. இருந்தாலும் அதன் வழியாகவே போனார். குதிகாலை ஒவ்வொரு இடமாக அழுத்தி ஊன்றி, நிறைவயிற்றுக் கிழட்டு மாடு நடப்பது போல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. ஓரத்தையும் விடவில்லை.

"எங்க போறீங்க?" என்று மனைவி கத்தினாள்.

"வீட்டுக்கு. குளியலறையக் கூட்டணும்."

"பாய்க்குத் தண்ணி விட்டது நல்லதாப் போச்சுன்னாவது ஒத்துக்கிட்டுப் போங்கப்பா" என்றான் மகன், பின்னாலிருந்து.

"தண்ணி குடிக்கிற பாய், தண்ணி குடிக்கிற பாய்" என்று மண்வெட்டியார் தனக்குள் முணுமுணுத்தார். "நாளைக்கு வேர் விட்டிருக்கும்பான். அதையும் நம்பணும்."

வாசலை நெருங்கும்போது, சிமெண்டில் காலணியின் முள் உரசுகிற சத்தம் கேட்டது. ரெண்டு அடி. பிறகு அந்தச் சத்தம் நின்றது. நின்று திரும்பிவிட்டாளா, புல்லில் இறங்கிவிட்டாளா? புல்லில் வைத்த காலுக்குத்தான் சத்தம் கிடையாது.

மண்வெட்டியார் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பை இன்னொரு தடவை உதறிவிட்டு, தெருவில் இறங்கி நடந்தார்.